கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். புதிதாக வியாபாரம் தொடங்க நினைக்கும் தம்பிமாருக்கும், அவர்களுக்காக வங்கியில் கையெழுத்துப் போடப்போகும் ராத்தாமாருக்கும் உம்மாமாருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது நமது பக்கத்தில் ஒருவர் தொழில் தொடங்கினால் முதலில் ஒரு லோகோ வருகிறது. அடுத்ததாகப் பெயருக்குப் பின்னால் "(பிரைவேட்) லிமிடெட்" வருகிறது. அரிசி பொதி செய்பவரும் போடுகிறார், ஐந்து தையல் மெஷினோடு தொடங்குபவரும் போடுகிறார். "மச்சான், கம்பனியாப் போட்டா கடன் வந்தாலும் நம்மளப் புடிக்கேலா" என்று நம்பிக்கையோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் சட்டத்தரணி அல்ல, கணக்காளரும் அல்ல, ஓர் ஆசிரியர். ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். கம்பனி என்பது கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் சட்டம் கட்டித் தருகிற ஒரு சுவர். நல்ல சுவர். நம்மில் பலருக்கு இன்னும் அந்தச் சுவர் தேவைப்படவில்லை. தேவைப்பட்டுக் கட்டுகிறவர்களோ பதிவுச் சான்றிதழின் மை காய முதல் தாங்களே அதில் ஓட்டை போட்டுவிடுகிறார்கள். அந்த ஓட்டை வழியாகப் போவது அநேகமாக ஒரு பெண்ணின் வீடு.

முதலில் கம்பனி என்றால் என்ன என்று பார்ப்போம். நமது ஜும்ஆப் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குக் காணி இருக்கலாம், கடை இருக்கலாம், வங்கிக் கணக்கு இருக்கலாம், கட்ட வேண்டிய மின்கட்டணமும் இருக்கலாம். அந்தச் சொத்து தலைவருடைய சொத்து அல்ல. அந்தக் கடனும் அவருடைய கடன் அல்ல. தலைவர் மாறினாலும் மௌத்தானாலும் பள்ளி அப்படியே இருக்கும். கம்பனியும் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு தனி ஆள். பாகிஸ்தானின் முப்தி தகி உஸ்மானி அவர்களும் இஸ்லாமிய நிதி பற்றிய தமது நூலில் இதை விளக்க வக்பையும் பைத்துல் மாலையும்தான் உதாரணமாக எடுத்திருக்கிறார்.

சட்டத்தில் இது உறுதியானது ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் வழக்கில். ஆரன் சலமன் என்பவர் லண்டனின் வைட்சாப்பலில் சப்பாத்துத் தொழில் நடத்தியவர். 1892 இல் அதைக் கம்பனியாக்கினார். மொத்தம் 20,007 பங்குகள். அதில் 20,001 அவருக்கு. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. அப்போதைய சட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும், அதனால்தான் இந்தக் கணக்கு. அடுத்த வருடமே தொழில் முறிந்தது. "கம்பனி என்பதெல்லாம் சும்மா, எல்லாம் சலமன்தான், அவரே கட்ட வேண்டும்" என்று வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. ஆனால் 1896 நவம்பரில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை சலமன் வேறு, கம்பனி வேறு என்று தீர்த்தது. இன்று இலங்கை உட்பட பல நாடுகளின் கம்பனிச் சட்டம் நிற்பது அந்தத் தீர்ப்பின் மேல்தான்.

நமது நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். அதன்படி ஏழு பேர் தேவையில்லை, ஒரே ஒருவரே கம்பனி தொடங்கலாம். தனியார் கம்பனியில் ஆகக் கூடியது 50 பங்குதாரர்கள். நீங்கள் ஐந்து இலட்சம் ரூபாவுக்குப் பங்கு எடுத்து அந்தப் பணத்தையும் கட்டிவிட்டால், கம்பனி ஐம்பது இலட்சம் கடனில் மூழ்கினாலும் பங்குதாரராக நீங்கள் இழப்பது அந்த ஐந்து இலட்சம் மட்டும்தான். "லிமிடெட்" என்பதன் பொருள் இதுதான்.

சரி, நமக்கு ஏன் இந்தச் சுவர் முக்கியம்?

நமது கரையோரத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தின் சரி பிழை பற்றி வேறொரு பதிவில் சண்டை பிடிக்கலாம். இன்றைய நிலைமை என்னவென்றால், வளவின் உறுதி அநேகமாக மனைவியின் பெயரில் இருக்கிறது. அந்த வீட்டை எழுப்ப அவளுடைய வாப்பா வயலில் பாடுபட்டிருப்பார், அல்லது காக்கா சவூதியிலும் கட்டாரிலும் வெயிலில் நின்றிருப்பார். மருமகனின் வியாபாரம் விழுந்தால் அந்த வீடும் விழ வேண்டுமா?

வியாபாரம் விழுவதற்கு ஆள் மோசமானவனாக இருக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. கடனுக்குச் சாமான் எடுத்த நேர்மையான வியாபாரிகளும் அதில் நொடிந்தார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி மாவடிப்பள்ளியில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. வயலும் ஆறும் கடலும் நடுவே தொழில் செய்கிற நமக்கு, கடை போனாலும் வீடு மிஞ்ச வேண்டும் என்று நினைப்பது பேராசை அல்ல.

இப்போது ஓட்டைகளுக்கு வருவோம்.

முதல் ஓட்டை பிணை. நேற்றுப் பதிந்த கம்பனிக்கு எந்த வங்கி சும்மா கடன் கொடுக்கும்? பணிப்பாளரின் தனிப்பட்ட பிணையைக் கேட்கும். வளவு உறுதியை ஈடாகக் கேட்கும். உறுதி மனைவியின் பெயரில் என்றால் மனைவியையும் கூட்டிவரச் சொல்லும். அவள் கையெழுத்து வைத்த நிமிடத்தில், அந்தக் கடனைப் பொறுத்தவரை, "லிமிடெட்" என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் பெறுமதி இல்லை. பதிவுக்குச் செலவழித்த காசும் வீண். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு, வழக்குப் போடாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. "பராட்டே" என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அது இதுதான்.

இரண்டாவது ஓட்டை லாச்சி. கம்பனியின் காசை எடுத்துப் பிள்ளையின் டியூஷனுக்குக் கொடுப்பது, வீட்டுக் காசில் கம்பனிக்குச் சாமான் எடுப்பது, எல்லாவற்றையும் ஒரே வங்கிக் கணக்கில் புழங்குவது. கம்பனியின் காசு வேறு, என் காசு வேறு என்று நீங்களே நடக்காவிட்டால் நீதிமன்றத்தில் அதை எப்படிக் காட்டுவீர்கள்? மோசடிக்கு மறைப்பாகக் கம்பனியைப் பாவித்தால் அந்தத் திரையை விலக்கிப் பார்க்க நீதிமன்றங்கள் தயங்குவதில்லை. கடன்களைக் கட்ட முடியாத நிலையில் இருக்கும் கம்பனியிலிருந்து இலாபம் என்று பங்கு பிரித்து எடுக்கவும் சட்டம் விடாது.

மூன்றாவது ஓட்டை பெயர். கம்பனி பதிந்த பிறகும் மொத்த வியாபாரியிடம் சொந்தப் பெயரில் ஓடர், சொந்தக் கணக்கின் செக். அப்படியென்றால் அது உங்கள் கடன். கம்பனியின் கடன் அல்ல. பில், செக், ஒப்பந்தம் எல்லாவற்றிலும் கம்பனியின் முழுப் பெயர் இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது விடயம் சட்டத்துக்கு மட்டும் அல்ல, தீனுக்கும் உரியது. கடன் விஷயத்தில் நமது மார்க்கம் எவ்வளவு கடுமையானது என்று எல்லோருக்கும் தெரியும். கடனோடு மௌத்தான ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள். அப்படியான மார்க்கத்தில் "கம்பனி முறிந்தது, எனக்கும் கடனுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்ல முடியுமா? நியாயமான கேள்வி.

சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1992 மே மாதம் ஜித்தாவில் நடந்த தனது 7 ஆவது அமர்வில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. மூலதனத்தின் அளவுக்குப் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பனியைத் தொடங்க மார்க்கத்தில் தடை இல்லை என்பது தீர்மானம். அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கம்பனியோடு கொடுக்கல் வாங்கல் செய்பவருக்கு அந்த வரையறை தெரிந்திருக்கிறது, தெரிந்தே வருகிறார், எனவே ஏமாற்றுதல் இல்லை என்பதுதான் அந்தக் காரணம்.

ஆகவே சாமான் தருபவருக்குத் தெரிந்திருப்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சம்மாந்துறையில் நெல் தருகிற விவசாயிக்கோ மருதமுனையில் சாரம் நெய்து தருகிற குடும்பத்துக்கோ "லிமிடெட்" என்றால் பெரிய கம்பனி, பத்திரமானது என்ற எண்ணம்தான் இருக்கும். உண்மையில் அந்தச் சொல் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "இந்தக் கம்பனியிடம் இருப்பதற்கு மேல் உனக்குக் கிடைக்காது, யோசித்துக் கடன் கொடு" என்பதே அதன் அர்த்தம். இதை வாயால் விளங்கப்படுத்திவிட்டு வியாபாரம் செய்கிறவர் ஹலாலாகச் செய்கிறார். அவர்களுக்கு விளங்காது என்பதைத் தனக்கு வசதியாக எடுத்துக்கொள்கிறவர் சட்டத்தில் தப்பலாம், மறுமையில் தப்புவாரா என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும். இன்னொன்றும் சொல்வேன், இது என் சொந்த அபிப்பிராயம். கம்பனி முறிந்து சில வருடங்களில் அல்லாஹ் மீண்டும் பரக்கத் தந்தால், சட்டம் கேட்காவிட்டாலும் அந்த ஏழை விவசாயியின் காசை முதலில் கொடுத்துவிட வேண்டும்.

"லிமிடெட்" என்ற சொல்லைப் பார்த்து நம்பிக் காசு கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2008 டிசம்பரில் முறிந்த கோல்டன் கீ பெயரளவில் ஒரு கிரெடிட் கார்ட் கம்பனி. சுமார் 9,000 பேரின் வைப்புப் பணம் அதில் சிக்கியது. இன்று நமது ஊர்களில் "முதலீடு செய்யுங்கள், மாதா மாதம் இலாபம்" என்று யாராவது கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் ஒன்றை ஞாபகம் வையுங்கள். தனியார் கம்பனி பொதுமக்களிடம் போய்ப் பங்கு விற்க முடியாது. வைப்புப் பணம் ஏற்கும் தொழிலுக்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும், 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித் தொழில் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கம்பனிப் பதிவு ஒரு பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஆள் பிறந்ததைக் காட்டும், நல்லவனா என்று காட்டாது.

அப்படியென்றால் யார் கம்பனி போட வேண்டும், யார் போடக்கூடாது?

தனி ஆளாக, சொந்தக் காசில், பெரிய கடன் இல்லாமல் சிறிதாகத் தொடங்குகிறவர் அவசரப்பட வேண்டாம். காரைதீவுப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள், பிரதேச சபையில் எடுக்க வேண்டிய அனுமதியை எடுங்கள், தனியாக ஒரு வங்கிக் கணக்குத் திறவுங்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் தனி ஆளுக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். கம்பனிக்கு அந்தச் சலுகை இல்லை, பொதுவான வீதம் 30. வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு வருடத்தில் 15 இலட்சம் இலாபம் என்றால், தனி ஆளாக அவர் கட்டும் வருமான வரி பூச்சியம். அதே 15 இலட்சம் கம்பனியின் இலாபம் என்றால் 4 இலட்சத்து 50 ஆயிரம். மிச்சத்தைப் பங்கிலாபமாக எடுத்தால் அதிலும் 15 வீதம் போகும். பணிப்பாளர் சம்பளமாக எடுத்தால் அது கம்பனியின் செலவாகி வரி குறையும் என்பது உண்மைதான். அதற்கு மாதா மாதம் ஒழுங்கான கணக்கு வேண்டும். வீதங்கள் மாறக்கூடியவை, பதியும் நாளில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவு வரியோடு முடியாது. பதிவு இப்போது இணையத்தில் செய்யலாம், கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. பெயருக்கு அனுமதி, 1 ஆம் இலக்கப் படிவம், பணிப்பாளரின் சம்மதத்துக்கு 18 ஆம் இலக்கம், செயலாளரின் சம்மதத்துக்கு 19 ஆம் இலக்கம், கம்பனியின் உள்விதிகள், இவ்வளவுதான். சுகமாக முடிந்துவிடும். அதன் பிறகு 30 வேலை நாட்களுக்குள் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும். செயலாளருக்கு வருடா வருடம் கட்டணம். கம்பனிப் பதிவாளருக்கு வருடாந்த அறிக்கை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு நவம்பர் 30 க்குள் வரி விபரத் திரட்டு. வியாபாரம் நடக்காத வருடமும் இதெல்லாம் இருக்கிறது. கடையைப் பூட்டினால் கம்பனி தானாக மௌத்தாகாது, அதை முறைப்படி மூட வேண்டும்.

ஆனால் இரண்டு பேரோ மூன்று பேரோ சேர்ந்து செய்வதாக இருந்தால் என் கருத்து நேர்மாறு. அங்கே கம்பனி போடுவதுதான் புத்தி.

நமது ஊர்களில் கூட்டு வியாபாரம் எப்படித் தொடங்குகிறது? மச்சான் தோஹாவிலிருந்து காசு அனுப்புகிறார், தம்பி இங்கே உழைக்கிறார். பேச்சு மட்டும்தான், ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நாட்டில் இருக்கிறது. மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேல் என்றால், கையெழுத்திட்ட எழுத்து இல்லாத பங்குடைமை ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது என்கிறது அது. இன்று ஆயிரம் ரூபாவுக்கு ஒரு மேசை கூட வாங்க முடியாது. அதாவது வாய்ப்பேச்சில் ஓடுகிற நமது கூட்டு வியாபாரம் எல்லாமே இதற்குள் விழும். அதே சட்டம், கடன் கொடுத்த மூன்றாம் ஆள் உங்களைப் பங்காளி என்று சாட்சி காட்டி வழக்குப் போடுவதைத் தடுக்கவில்லை. உங்கள் உரிமையைக் கேட்கப் போனால் எழுத்து எங்கே என்பார்கள். கடனைக் கேட்க வந்தால் எழுத்து இல்லாமலே நீங்கள் பங்காளி. பங்குடைமையில் மற்றவர் பட்ட கடன் முழுவதுக்கும் நீங்களும் பொறுப்பு.

கம்பனியில் யாருக்கு எத்தனை பங்கு, யார் பணிப்பாளர், யார் செக்கில் கையெழுத்து வைப்பது, ஒருவர் விலகினால் பங்கை யாருக்குக் கொடுப்பது எல்லாம் முதல் நாளே எழுத்தில் வந்துவிடும். ஒருவர் மௌத்தானாலும் கடை இரண்டாகப் பிளக்காது. உதாரணமாக ஒருவருக்கு 2,400 பங்குகள். அவருடைய உம்மா வாப்பா இல்லை. மனைவியும் ஒரு மகனும் இரண்டு மகள்மாரும் இருக்கிறார்கள். கடனும் வஸிய்யத்தும் போக, மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 300 பங்கு. மகனுக்கு 1,050. மகள்மாருக்கு 525 வீதம். நமது வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு சரியாகப் பிரிந்துவிட்டது. கடை திறந்தபடியே இருக்கிறது. கம்பனியாக இல்லாவிட்டால் தராசு யாருக்கு, லொறி யாருக்கு என்று சண்டை நடந்து, எல்லாவற்றையும் விற்றுப் பிரித்து முடியும்.

"சொந்த மச்சானிடம் போய் எழுத்துக் கேட்பதா? நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். குர்ஆனிலேயே ஆக நீண்ட வசனம் அல்பகராவின் 282 ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்கிற வசனம் அது. அதை அல்லாஹ் சொன்னது ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிற கூட்டத்தாருக்கு அல்ல, ஈமான் கொண்டவர்களுக்கு. எழுதாமல் விட்டுப் பெருநாளைக்குக் கூட ஒரு வீட்டு வாசலை மிதிக்காமல் போன மச்சான்மாரை நம் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக ராத்தாமாருக்கு. நிகாஹ்வுக்கு வலி வருகிறார், இரண்டு சாட்சிகள் வருகிறார்கள், ஊரே வருகிறது. அதே வீட்டின் உறுதி வங்கிக்குப் போகிற நாளில் உங்களோடு யாரும் வருவதில்லை. "இதில ஒரு சைன் வைங்க" என்று சொன்னவுடன் வைத்துவிட்டு வருகிறீர்கள். கணவருக்கு உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரும்பினால் உதவுங்கள், அது ஸதகாவுக்குச் சமமான நன்மை. ஆனால் அது உங்கள் சொத்து, மறுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. கையெழுத்து வைக்க முதல் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பிணை இந்த ஒரு கடனுக்கா, அல்லது இனி எடுக்கப்போகும் கடன்களுக்கும் சேர்த்தா? எவ்வளவு தொகை வரைக்கும்? கடன் கட்டி முடிந்தால் உறுதியை எப்போது திருப்பித் தருவீர்கள்? பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளங்கப்படுத்தும் வரை பேனையைத் தொடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை காட்டுங்கள். அந்தக் கட்டணம் ஒரு பிரியாணிச் சகன் விலை வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் வீட்டு விலை வராது.

தம்பிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கம்பனி போட்டால் மனைவியின் உறுதியை ஈடு வைக்காமல் எவ்வளவு தூரம் வளர முடியுமோ அவ்வளவு தூரம் முதலில் வளருங்கள். இலாபத்தைத் திருப்பிப் போடுங்கள், மெஷினை லீசிங்கில் எடுப்பதை விடப் பழையதைக் காசுக்கு வாங்குங்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்தைக் கடன்காரனாக்காமல் பங்குதாரராக்குங்கள். மெதுவாகத்தான் வளரும். வீடு மிஞ்சும்.

பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு, நமது பகுதிச் சட்டத்தரணி ஒருவரையும் கணக்காளர் ஒருவரையும் அழைத்து இருத்துங்கள். பெண்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். தொழில் தொடங்கப் போகிறவர்கள் கடதாசிகளைக் கொண்டுவந்து காட்டட்டும். பயான் கேட்கக் கூடுகிற நமக்கு இதற்கும் கூட முடியும்.

தவறான விபரம் ஏதும் இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். அல்லாஹ் நமது உழைப்பிலும் வீடுகளிலும் பரக்கத் செய்வானாக, கடனின் பாரத்திலிருந்து நம் எல்லோரையும் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.